ரயில் வருமுன் பஸ் வரட்டும்

ஸ்காபரோவின் பெருந்தெருக்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு நடந்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழகியிருக்கும். பனிக்காலத்து இருட்டிலே, தெருவிளக்கின் கீழ், கம்பளித் தொப்பியும் கையிலே சாப்பாட்டுப் பையுமாக ஆறேழு பேர் ஒரே திசையைப் பார்த்து நிற்பார்கள். ஒருவரும் பேசுவதில்லை. தூரத்திலே இரண்டு விளக்குகள் தெரிந்தால் எல்லோரும் ஓரடி முன்னே வைப்பார்கள். அது பாரவண்டி என்று தெரிந்ததும் ஓரடி பின்னே வைப்பார்கள். தொழிற்சாலைக்கும், களஞ்சியத்திற்கும், முதியோர் இல்லத்திற்கும், உணவகச் சமையலறைக்கும் செல்கின்ற இவர்களில் எம்மவரும் பலர் உளர்.

எமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிற்கு வரும் ஒரு சிறுமியின் தாயாரை அண்மையில் சந்தித்தோம். பிள்ளை வீட்டுப் பாடம் செய்வதில்லையே என்று மெதுவாகக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. “மாஸ்ரர், வேலை எட்டு மணித்தியாலம். போய்வாறது நாலு மணித்தியாலம். மூண்டு பஸ் மாறவேணும். பிள்ளை எழும்பமுதல் போறன். நித்திரை கொண்டாப் பிறகு வாறன். நான் எப்ப பாடம் பாக்கிறது?” என்றார்.

வீட்டிற்கு வந்து அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்த்தோம். நாளுக்கு நான்கு மணித்தியாலம், வாரத்திற்கு ஐந்து நாள், ஆண்டிற்கு ஐம்பது வாரம் என்றால் ஆயிரம் மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்தை ஒரு வேலைநாளாகக் கொண்டால், சம்பளம் இல்லாத 125 வேலைநாட்கள்! பொதுப் போக்குவரத்துப் பற்றிய பேச்சு பொறியியலாளருக்கு மட்டும் உரியதன்று, அது தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே உள்ள நேரத்தைப் பற்றிய பேச்சு என்பதை அந்தக் கணக்கு எமக்கு உணர்த்தியது.

வரைபடத்தில் ஓடும் ரயில்கள்

ரொறன்ரோ நகரம் கனடாவின் முதலாவது சுரங்க ரயிலை 1954 மார்ச் 30 இல் ஓடவிட்ட நகரம். ஆனால் அந்தப் பெருமையில் ஸ்காபரோவின் பங்கு சிறிதே. 1980 இல் கென்னடி நிலையம் வரை வந்த சுரங்க ரயில், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்கு அப்பால் கிழக்கே நகரவில்லை. அங்கிருந்து அப்பால் செல்வதற்கு 1985 இல் ஒரு சிறிய ரயில் வந்தது. ஆறு நிலையங்களும் சுமார் 6.4 கிலோமீற்றர் நீளமும் கொண்ட அந்தப் பாதை மோல்வேர்ன் வரை நீளும் என்று பலமுறை பேசப்பட்டது. நீளவேயில்லை. 2023 யூலை 24 மாலை அதன் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. சிலர் காயமடைந்தனர். ஏற்கனவே அந்த ஆண்டின் இறுதியில் மூடப்படவிருந்த அந்த ரயில் அதன்பின் ஓடவேயில்லை. அதன் பிரயாணிகள் பஸ்ஸிற்கு மாற்றப்பட்டனர்.

அதற்குப் பதிலாக எதைக் கட்டுவது என்பதில் அரசியல்வாதிகள் நடத்திய விவாதம் ஒரு நாடகத்தையே ஒத்தது. முதலில் ஏழு தரிப்புகள் கொண்ட இலகு ரயில் என்றார்கள். 2013 இல் நகரசபை மூன்று நிலையங்கள் கொண்ட சுரங்க ரயில் என்றது. 2016 இல் அது ஒரே நிலையமாகச் சுருங்கியது. 2019 இல் மாகாண அரசு மீண்டும் மூன்று என்றது. சுரங்கம் தோண்டும் வேலை 2023 ஆம் ஆண்டில்தான் ஆரம்பமாயிற்று. 7.8 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையின் திறப்பிற்கு 2030 ஐ ஒட்டிய காலத்தையே அரசு குறித்திருந்தது. எக்லிங்டன் வீதியில் 2011 இல் தொடங்கி 2020 இல் முடியும் என்று சொல்லப்பட்ட ரயில் பாதை எத்தனை ஆண்டுகள் பிந்தியது என்பதை அறிந்தவர்கள், குறித்த திகதிகளை நம்பி இருந்துவிடமாட்டார்கள்.

ரயில் வேண்டாம் என்பதல்ல எமது வாதம். ரயில் வேண்டும். ஆனால் 2013 இல் முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை, நிலையம் எத்தனை என்ற விவாதம் முடியுமுன் மேல்வகுப்பிற்கு வந்துவிட்டது. இதே காலத்தில் அப்பிள்ளையின் பெற்றோரைச் சுமந்தது எது? பஸ் அல்லவா!

பஸ் ஏன் மறக்கப்படுகிறது?

இதற்கு ஒரு காரணம் உண்டு. சுரங்கம் தோண்டுவது ஒருமுறை செய்யும் மூலதனச் செலவு. அதற்கு மாகாணமும் மத்திய அரசும் பணம் தரும். நாடா வெட்டலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். பத்து நிமிடத்திற்கு ஒரு பஸ் ஓடுவதோ ஆண்டுதோறும் வரும் செலவு. சாரதிக்குச் சம்பளம், எரிபொருள், திருத்த வேலை என்பவற்றிற்குப் பெயர்ப்பலகை இல்லை. நாளாந்த இயக்கத்திற்கு வழமையாகத் தந்த மானியத்தை 1998 இல் மாகாண அரசு நிறுத்தியபின், அந்தச் சுமை பெரும்பாலும் பிரயாணிகளின் கட்டணத்திலும் நகரசபையின் வீட்டு வரியிலுமே விழுந்தது. ஆகவே வரவுசெலவு இறுகும்போதெல்லாம் முதலில் கைவைக்கப்படுவது பஸ் நேர அட்டவணையில்தான்.

2020 இன் பெருந்தொற்றுக் காலத்தில் ஓர் உண்மை வெளிப்பட்டது. நகர மையத்தின் அலுவலகங்கள் மூடப்பட, சுரங்க ரயில்கள் வெறிச்சோடின. ஆனால் ஸ்காபரோவிலும் நகரின் வடமேற்கிலும் சில பஸ்களில் நெரிசல் குறையவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர்கள் அவற்றிலே சென்றார்கள். அந்த ஆண்டு ஒக்ரோபரில் எக்லிங்டன் கிழக்கு, கிங்ஸ்ரன் வீதி, மோர்னிங்சைட் வழியாகச் சுமார் 8.5 கிலோமீற்றர் தூரத்திற்குப் பஸ்ஸிற்கென்றே செந்நிற வழித்தடம் ஒதுக்கப்பட்டது. சுரங்கம் தோண்டவில்லை, பாலம் கட்டவில்லை. வர்ணமும் பலகையும் மனமும் போதுமாயிருந்தன.

தோண்டாமலே கிடைத்தவை

கட்டணத்தின் கதையும் இதையே சொல்கிறது. ஒரு காலத்தில் இந்நகரில் வலயக் கட்டணம் இருந்தது. புறநகரில் இருந்து வருபவர் இரட்டைக் கட்டணம் செலுத்தினார். 1973 இல் அது ஒழிந்தது. 2015 இல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்குப் பிரயாணம் இலவசமாயிற்று. 2018 ஓகஸ்ட்டில் பிரெஸ்ரோ அட்டை வைத்திருப்போருக்கு இரண்டு மணித்தியால மாற்றுரிமை வந்தது. வேலையால் வரும் வழியில் இறங்கி, மரக்கறி வாங்கி, அதே கட்டணத்தில் மீண்டும் ஏற முடிந்தது.

எம்மவருக்கு மிகவும் வேண்டப்பட்ட மாற்றம் 2024 பெப்ரவரி 26 இல் வந்தது. ஸ்ரீல்ஸ் வீதியின் தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம். தெற்கே பெற்றோரும் வடக்கே பிள்ளைகளும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ! ஒரு தெருவைக் கடப்பதற்கு இரண்டு கட்டணம் செலுத்தவேண்டியிருந்த நிலை, ஒரே கட்டணத் திட்டத்தினால் அன்று நீங்கியது. இவை யாவும் பல ஆண்டுகள் பலர் கேட்டுக் கேட்டுப் பெற்றவை. தோண்டிப் பெற்றவை அல்ல.

இனிச் செய்யக்கூடியவை

இத்தகைய அனுபவத்தை வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் காத்திராமல் செய்யக்கூடிய சிலவற்றை இங்கே முன்வைக்கிறோம்.

முதலாவது, அடிக்கடி வரும் பஸ். பத்து நிமிடத்திற்கு ஒன்று வருமாயின் நேர அட்டவணை தேவையில்லை. ஒன்று தவறினாலும் துன்பமில்லை. அரை மணிக்கு ஒன்று வரும் இரண்டு பஸ்களை மாறுபவர், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் பிந்தினாற்கூட ஒரு மணித்தியாலத்தை இழக்கக்கூடும். இந்த அடர்த்தி அலுவலக நேரத்தில் மட்டும் இருந்தால் போதாது. விடியற்காலை வேலைக்குப் போவோருக்கும், இரவு பதினொரு மணிக்கு வேலை முடிவோருக்கும், ஞாயிறு வேலை செய்வோருக்கும் வேண்டும்.

இரண்டாவது, பஸ்ஸிற்கு ஒரு வழி. அரை மணி நேரம் ஒன்றும் வராமல், பின்னர் மூன்று பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்த்துச் சாரதியைத் திட்டுகிறோம். குற்றம் பெரும்பாலும் அவருடையதன்று. நெரிசலில் அகப்பட்டுச் சிறிது பிந்திய பஸ்ஸிற்கு அடுத்த தரிப்பிலே கூடுதலான பேர் காத்திருப்பர். அவர்களை ஏற்றுவதால் அது மேலும் பிந்தும். பின்னால் வரும் பஸ்ஸிற்கோ ஆட்கள் குறைவு, ஆதலால் அது முன்னதை எட்டிப் பிடித்துவிடும். தனி வழித்தடமும், பஸ்ஸைக் கண்டதும் சில விநாடி பச்சையாய் நீடிக்கும் சமிக்ஞை விளக்கும் இந்தச் சங்கிலியை அறுக்க வல்லன. கொலம்பியாவின் பொகோற்றா நகரம் 2000 டிசம்பரில் வீதியின் நடுவே பஸ்ஸிற்கெனத் தனித்தடம் அமைத்து, ஏறுமுன்னரே கட்டணம் பெற்று, பஸ்ஸை ரயில்போல் ஓடவிட்டது. செல்வம் குறைந்த ஒரு நாடு செய்ததைக் கனடா செய்ய இயலாதா?

காரில் செல்வோர் இதை எதிர்க்கக்கூடும். எம்மவரிலும் பலர் காரில் செல்வோரே. ஆனால் ஐம்பது பேர் தனித்தனிக் காரில் வந்தால் அவ்வரிசை முந்நூறு மீற்றரைத் தாண்டும். அதே ஐம்பது பேருக்கு ஒரு பஸ் போதும். பஸ் நன்றாக ஓடினால் காரில் போவோருக்கும் வீதி கிடைக்கும்.

மூன்றாவது, காத்திருக்கும் இடம். கூரை, இருக்கை, வெளிச்சம், பனி அகற்றப்பட்ட நடைபாதை என்பன சிறிய விடயங்களாகத் தோன்றும். பனிமேட்டில் வழுக்கி இடுப்பு முறிந்த ஒரு பாட்டிக்கு அவை சிறியன அல்ல. பேரப்பிள்ளைகளைப் பார்க்க இந்நாட்டிற்கு வந்து, மொழியும் காரும் இன்றி மாதக்கணக்கில் மாடிவீட்டுக்குள் அடைந்து கிடக்கும் முதியோருக்குக் கோயிலும் வைத்தியரும் வாசிகசாலையும் எட்டுவது பஸ்ஸினாலேயே.

நாலாவது, இருப்பதை அறிதல். சமூக உதவிப்பணம் பெறுவோரும் வருமானம் குறைந்தோரும் விண்ணப்பித்துப் பெறக்கூடிய சலுகைக் கட்டணத் திட்டம் ஒன்று 2018 இல் ஆரம்பிக்கப்பட்டது. இரவு ஒன்பது மணிக்குப் பின் தனியே செல்வோர், இரு தரிப்புகளுக்கு இடையே தமது வீட்டிற்கு அண்மையில் இறக்கிவிடும்படி பஸ் சாரதியைக் கேட்கலாம். 1991 இல் பெண்களின் பாதுகாப்பிற்காகத் தொடங்கிய ஏற்பாடு இது. இவற்றை அறியாத குடும்பங்கள் எமது சமூகத்தில் இன்னும் உள்ளன. அறிந்தவர்கள் அயலவருக்குச் சொல்லவேண்டும்.

யாரிடம் கேட்பது?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நகர மையத்தின் குடியிருப்பாளர் சங்கங்கள் அழத் தெரிந்தவை. நாமோ பஸ்ஸிலே முணுமுணுத்துவிட்டு இறங்கிப்போகிறோம்.

ரி.ரி.சி. ஆணைக்குழுவின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. முன்கூட்டியே பெயர் கொடுத்தால் சில நிமிடங்கள் பேசலாம். எழுத்திலும் கருத்து அனுப்பலாம். ஆண்டின் தொடக்கத்தில் நகரசபை வரவுசெலவுத் திட்டத்தை ஆராயும்போதும் இவ்வாறே. வாக்களிப்பதற்குக் குடியுரிமை வேண்டும். இங்கே வந்து பேசுவதற்கு வேண்டியதில்லை. அகதிக் கோரிக்கை முடிவாகாதவரும் இந்நகரின் பஸ்ஸில் கட்டணம் செலுத்தியே போகிறார். பனி அகற்றப்படாத நடைபாதை பற்றியும் உடைந்த தரிப்பிடக் கூரை பற்றியும் 311 என்ற இலக்கத்தில் முறையிடலாம்; “தமிழ்” என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரையும் தருவார்கள்.

முறையிடும்போது பொதுவாகக் குறை சொல்வதிற் பயனில்லை. எந்த வழி, எந்தத் தரிப்பு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று எழுதுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். அவர்களுக்கும் அது நல்ல பாடம். கோயில்களும், ஊர்ச் சங்கங்களும், பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டு விழாவிற்குச் செலவிடும் உழைப்பில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கி, தமது பகுதியின் ஒரேயொரு பஸ் வழியைப் பற்றி ஒரு மாதம் குறிப்பெடுத்துக் கொடுத்தால், அதனைத் தட்டிக்கழிப்பது எளிதன்று.

முன்னர் குறிப்பிட்ட தாயாரும் இப்போது ஒரு கொப்பியில் நேரம் குறித்து வருகிறார். எழுதுவது மகள், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறாள். வீட்டுப் பாடம் செய்யாத பிள்ளை என்று நாம் இனிச் சொல்லமுடியாது. அவள் விழித்திருக்கும்போது அவளுடைய தாய் வீடு வந்து சேரவேண்டும். நாம் கேட்பது அவ்வளவே.