ஐந்து விநாடி வாழும் அட்டைக் குழாய்

வெள்ளி நிற அங்கி, முகத்துக்கு முன் கண்ணாடித் தடுப்பு. கையில் ஆளைவிட நீளமான இரும்புக் குழல். அதன் முனையில் செருகியிருப்பதோ, ஜவுளிக்கடையில் துணி சுற்றி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஓர் அட்டைக் குழாய்! உலைக்கு முன்னால் நிற்கும் தொழிலாளி, 1,600 டிகிரியில் தளும்பும் எஃகுக்குள் அந்த அட்டையை ஓரடி ஆழத்துக்கு இறக்குகிறார். சுவரில் உள்ள திரையில் எண்கள் விறுவிறுவென ஏறி, ஓரிடத்தில் நிற்கின்றன. குழலை வெளியே இழுத்தால் அட்டை பற்றி எரிகிறது. எல்லாம் ஐந்தாறு விநாடி. கருகியதைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததைச் செருகுகிறார்.

அட்டையின் வேலை, உள்ளே ஓடும் ஒயரை அந்தச் சில விநாடிகள் காப்பது. முனையில் இருக்கும் உலோக மூடி, மேலே மிதக்கும் கசடைத் தாண்டும்வரை தாங்கிவிட்டு உருகிப்போகும். அப்போது வெளிப்படுவது, கொண்டை ஊசிபோல் வளைந்த குவார்ட்ஸ் குழல். அதற்குள் தலைமுடிபோல் மெல்லிய இரண்டு கம்பிகள்: ஒன்று சுத்தமான பிளாட்டினம், மற்றது 10 சதவீதம் ரோடியம் கலந்த பிளாட்டினம். முனையில் இரண்டையும் பற்றவைத்திருப்பார்கள். இதுதான் தெர்மோகப்பிள்.

இரு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு சந்திப்பை மட்டும் சூடாக்கினால் பக்கத்தில் உள்ள காந்த ஊசி திரும்புவதை 1821இல் இயற்பியலாளர் சீபெக் கண்டார். அது காந்தத்தின் வேலை என்றே அவர் வாதாடினார். உண்மையில் அது மின்சாரம். 1886இல் பிளாட்டினம்-ரோடியம் ஜோடியை நம்பகமான வெப்பமானியாக்கியவர் பிரான்சின் லெ சாட்லியர். பிளஸ் ஒன் வேதியியலில் சமநிலைத் தத்துவத்தோடு வந்து மாணவர்களைப் படுத்துகிறாரே, அவரேதான்.

1,600 டிகிரியில் இந்த ஜோடி தருவது 16.8 மில்லிவோல்ட். டார்ச் லைட் பேட்டரியில் ஏறத்தாழ தொண்ணூறில் ஒரு பங்கு. ஒரு டிகிரி கூடினால் ஒரு வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடும், அவ்வளவுதான். போதாததற்கு, தெர்மோகப்பிள் சொல்வது சூடான முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. அதனால் குழலிலிருந்து கருவிவரை அதற்கென்றே செய்த கேபிள்தான் ஓட வேண்டும். அறுந்துபோனதென்று யாராவது சாதாரணச் செம்பு ஒயரைப் போட்டு ஒட்டிவைத்தால் வந்தது வினை. இணைப்பு 100 டிகிரியிலும் கருவி 40 டிகிரியிலும் இருந்தால், திரை 30 டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டும்.

1,600இல் 30 என்ன பெரிய கணக்கு என்று தோன்றலாம். குறைந்த கார்பன் எஃகு சுமார் 1,525 டிகிரியில் உறையத் தொடங்கும். வார்ப்பு எந்திரத்தின் தொட்டிக்கு வரும்போது அதைவிட 20, 30 டிகிரிதான் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் துளையிலேயே இறுகி அடைத்துக்கொள்ளும். கூடினால் அச்சுக்குள் படியும் ஓடு மெலிந்து, கிழிந்து, உள்ளிருக்கும் எஃகு வெளியே பாயும். வழியில் ஆறப்போகும் சூட்டையும் கணக்கிட்டு, உலையிலிருந்து 1,650 டிகிரிவாக்கில் இறக்குவார்கள். ஒரு தப்பான ஒயர், இருக்கும் இடைவெளி முழுவதையும் விழுங்கிவிடும்.

அக்காலத்தில் நீலக் கண்ணாடி வழியாக உலைக்குள் பார்த்து, நிறத்தை வைத்தே தேர்ந்த கைகள் சூட்டைச் சொல்லிவிடும். திறமைதான், சந்தேகமில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவது மேலே மிதக்கும் கசடின் முகம். அடியில் கிடக்கும் எஃகின் சூடு வேறு. தூரத்திலிருந்து ஒளியை அளக்கும் கருவிகளையும் கசடும் புகையும் இப்படித்தான் ஏமாற்றுகின்றன.

குழாய்களை ஈரம் படாமல் வைப்பதில் கண்டிப்பு அதிகம். நனைந்த அட்டை உள்ளே போனால் நீர் நொடியில் ஆவியாகி, எஃகை வாரித் தெளிக்கும்.

கோவைப் பவுண்டரிகளில் இதன் மலிவான தம்பி ஒருவன் உண்டு. மணலில் செய்த தேநீர்க் கோப்பை அளவுச் சிமிழ், அதன் நடுவே பிளாட்டினம் இல்லாத சாதாரண தெர்மோகப்பிள். உருகிய வார்ப்பிரும்பை ஒரு கரண்டி ஊற்றி ஆறவிட்டால், சூடு இறங்கும் கோடு இரண்டு இடங்களில் சற்றே தயங்கும். தயங்கிய சூட்டை வைத்தே கார்பன் எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்று இரண்டு மூன்று நிமிடத்தில் கணக்கிட்டு, பம்ப் உறைக்கான அச்சில் ஊற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள்.