மூக்கொழுகும் குட்டியும் முந்நூறு மைல் நடையும்

விமானத்தைப் பிடிக்க ஹெப்பாள் வழியாகப் பறக்கிற பெங்களூர்க்காரர்கள் திரும்பிப் பார்க்காத வளாகம் ஒன்று அங்கே இருக்கிறது. இன்று அதற்குக் கால்நடை மருந்து நிலையம் என்று பொருள்படும் நீளமான அரசுப் பெயர். 1920-களில் மைசூர் சீரம் நிலையமாகத் தொடங்கியபோது அதற்கு முக்கிய எதிரி ஒன்றுதான்: மாடுகளைக் கொன்ற வெக்கை நோய். 'தொட்ட ரோக' என்பார்கள் கன்னடத்தில், பெரிய நோய். தொழுவத்துக்குள் நுழைந்தால் சாணி அள்ள வேலையிருக்காது. 1880-களின் இறுதியில் அது ஆப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியாவிலிருந்து கப்பலேற்றிய மாடுகளோடுதான் போனது என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. மாடே சொத்தாக வாழ்ந்த மாசாய் மக்கள் மாடில்லாமல் பட்டினியில் செத்தார்கள்.

இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், நம் வட ஆற்காட்டில். 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றுதான்.

ஆனால் அதற்கு ஒரு பங்காளி உண்டு. 1987-ல் விழுப்புரம் பக்கம் அரசூரில் செம்மறிகள் காய்ச்சலும் கழிச்சலுமாக மடிந்தன. ஆட்டுக்கும் வெக்கை வந்துவிட்டது என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. அறிகுறிகள் அவ்வளவு ஒத்துப்போகும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலாவும் தமிழகக் கால்நடை ஆய்வாளர்களும் கிருமியைப் பிரித்துப் பார்த்து, இது வேறு என்று 1989-ல் எழுதினார்கள். நாம் ஆட்டுக்கொல்லி என்கிறோமே, அது. 1942-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதலில் விவரிக்கப்பட்ட நோய். நம் பிள்ளைகளுக்கு வரும் தட்டம்மையும் இதே குடும்பம்தான்.

நோய் கண்ட குட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண் பீளை கட்டி ஒட்டியிருக்கும். மூக்குச்சளி காய்ந்து மூச்சை அடைக்கும். உதட்டைப் பிரித்தால் ஈறில் தவிடு அப்பியதுபோலப் புண், கெட்ட வாடை. மேயாது, இருமும், கழியும். ஒரு வாரம் பத்து நாளில் முடிவு தெரிந்துவிடும்.

இவ்வளவு செய்கிற கிருமி உண்மையில் ஒரு நோஞ்சான். வெயில் பட்டால், காய்ந்தால் சீக்கிரம் செத்துப்போகும். கொசுவோ உண்ணியோ அதைச் சுமப்பதில்லை. பிழைத்த ஆட்டுக்குள் வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கவும் தெரியாது. பிழைத்த ஆட்டை அது திரும்பத் தொடுவதுமில்லை. மூச்சுக்கு மூச்சு, மூக்குக்கு மூக்கு தாவினால்தான் அதற்குப் பிழைப்பு. அப்படியானால் அது ஏன் தானாக அழியவில்லை? குட்டிகளால். சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி மூன்று நான்கு மாதத்தில் வடிந்துவிடும். ஒவ்வொரு ஈற்றிலும் கிருமிக்குப் புதுத் தீனி பிறக்கிறது.

ஒரே ஊரில் நிற்கும் சின்னப் பட்டியில் தீனி சீக்கிரம் தீர்ந்துவிடும். நடக்கும் மந்தையில் தீர்வதில்லை. 2019 கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் 1.11 கோடிச் செம்மறிகள். வட கர்நாடகத்துக் குருபர்கள் மழைக்காலம் முடிந்ததும் தக்காணிச் செம்மறிகளோடு கிளம்பி, அறுத்த வயல்களில் கிடை போட்டுக்கொண்டே போய், அடுத்த மழைக்கு ஊர் திரும்புகிறவர்கள். நம் ராமநாதபுரத்துக் கீதாரிகளுக்கும் இதே வாழ்க்கைதான். ஒரே ஏரியில் நான்கு மந்தை தண்ணீர் குடிக்கும். சந்தையில் பத்து ஊர் ஆடு நிற்கும்.

இதற்காக இடையர்களைக் குற்றம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. செத்த ஆட்டுக்கு விலை இல்லை, இருமுகிற ஆட்டுக்கு ஏதோ ஒரு விலை இருக்கிறது. மந்தையில் நாலு விழுந்ததும் மற்றதைச் சந்தைக்கு ஓட்டுகிறவர் கணக்குத் தெரிந்தவர். அந்தக் கணக்குத்தான் கிருமிக்கும் வண்டி கட்டித் தருகிறது என்பது வேறு விஷயம். குட்டி விற்ற காசில்தான் அவருக்கு வருஷம் ஓடுகிறது. ஒரு ஈற்று போனால் கடன்.

தடுப்பூசி இல்லாமலா? முன்பு வெக்கைத் தடுப்பூசியையே ஆட்டுக்குப் போட்டார்கள், பங்காளி என்பதால் அதுவும் வேலை செய்தது. ஆனால் வெக்கை ஒழிந்ததை நிரூபிக்க அந்த ஊசியை நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் ரத்தத்தில் தெரிகிற எதிர்ப்பு நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்று சொல்ல முடியாது. ஆகவே ஆட்டுக்கென்றே தனி ஊசி தேவைப்பட்டது. தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் அதே அரசூர்க் கிருமியை வீரியம் குறைத்து ஊசி மருந்தாக்கியது. கொல்ல வந்ததைக் காவலுக்கு வைத்த கதை. (நிலக்கடலைச் செடியில் ஆட்டுக்கொல்லிக் கிருமியின் புரதத்தை விளையவைத்து, கொடியைத் தின்றாலே ஆட்டுக்கு எதிர்ப்புச் சக்தி வருமா என்றுகூட இந்திய அறிவியல் கழகத்தில் சோதித்தார்கள். எனக்குப் பிடித்த ஆராய்ச்சி.)

ஒரு ஊசி மூன்று வருஷமாவது காக்கும். சிக்கல் ஐஸ் பெட்டியில் இருக்கிறது. மருந்து குளிரிலேயே இருக்க வேண்டும், கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். முகாம் ஊருக்கு வரும். மந்தையோ முந்நூறு மைல் நடையில் எங்கோ இருக்கும். எலஹங்காவில் உள்ள தேசிய கால்நடை நோய்ப்பரவலியல் நிறுவனம், மழை, வெப்பம், பழைய நோய்க்கணக்கு எல்லாம் சேர்த்து எந்த மாவட்டத்தில் எந்த நோய் வரக்கூடும் என்று இரண்டு மாதம் முன்னதாகவே சொல்கிறது. மந்தைகள் போகும் தடத்தையும் பார்த்து, கிடைக்கே போய் ஊசி போட்டால்தான் அந்தக் கணிப்புக்கு மதிப்பு. 2030-க்குள் ஆட்டுக்கொல்லியை ஒழிப்பதாக உலக நாடுகள் நாள் குறித்திருக்கின்றன.

நெடுஞ்சாலை ஓரம் கிடையில் கண் பீளையும் மூக்குச்சளியுமாகக் குட்டிகள் நிற்பதைப் பார்த்தால், ஆட்டுக்காரரிடம் 1962 என்ற கால்நடை உதவி எண்ணைச் சொல்லுங்கள். அவரிடம் போன் இல்லையென்றால் நீங்களே கூப்பிடுங்கள்.