பெல்ட் போட்டதாகப் பொய் சொல்லும் கிளிப்

பாட்டில் மூடி திறக்கும் கருவி என்று தலைப்பு இருக்கும். படத்தில் இருப்பதோ வேறு: பளபளவென்று மெருகேற்றிய ஒரு சிறிய உலோக நாக்கு. இன்னொரு பக்கத்தில் அதே பொருள் சிகரெட் லைட்டர் என்ற பெயரில் நிற்கும். சீட் பெல்ட் அலாரத்தை நிறுத்தும் கிளிப்புகள் ஆன்லைன் கடைகளில் இப்படிப் பெயரை மாற்றிக்கொண்டும் விற்கப்பட்டதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் கண்டறிந்து வெளிப்படையாகச் சொன்னது. நேர்மையான பொருளுக்கு மாறுவேடம் எதற்கு? விற்றவர்களுக்கு அது என்ன வேலை செய்யும் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

பொருள் மிக எளிமையானது. சீட் பெல்ட்டின் நுனியில் இருக்கும் உலோகத் தகட்டைப் போலவே வெட்டி எடுத்த ஒரு துண்டு. இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள லாக்கில் செருகினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். பெல்ட் மாட்டியாகிவிட்டது என்று கார் நம்பிவிடும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணையும், பீப் சத்தம் நிற்கும். உட்கார்ந்திருப்பவரின் மார்புக்குக் குறுக்கே மட்டும் ஒன்றும் இருக்காது.

இதைப் பற்றி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நுகர்வோர் விவகாரத் துறைக்குக் கடிதம் எழுதியது. அதன் பேரில் ஆணையம் விசாரித்து, 2023 மே மாதம் அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ, ஸ்நாப்டீல், ஷாப்க்ளூஸ் ஆகிய ஐந்து நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவு பிறப்பித்தது. இந்தக் கிளிப்பையும் இதே வேலையைச் செய்யும் மற்றப் பொருட்களையும் நிரந்தரமாக நீக்க வேண்டும், விற்றவர்களின் விவரங்களைத் தர வேண்டும் என்பது உத்தரவு. மொத்தம் 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. அதில் அமேசானில் மட்டும் 8,095. ஃபிளிப்கார்ட்டில் நாலாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையில். மீஷோவில் 21. மற்ற இரண்டிலும் ஒவ்வொன்று.

எட்டாயிரத்துச் சொச்சம் பக்கங்கள் என்பது யார் கண்ணுக்கும் படாமல் ஒரு மூலையில் ஒளிந்திருக்கிற எண்ணிக்கை இல்லை. தேடியவருக்கெல்லாம் கிடைத்திருக்கிறது, தேடாதவருக்கும் சீட் கவர், செல்போன் ஹோல்டர் வாங்கும்போது பக்கத்திலேயே வந்து நின்றிருக்கிறது.

கார் வைத்திருக்கும் எல்லோரும் அந்த பீப் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் டிரைவருக்கும் அவர் பக்கத்தில் இருப்பவருக்கும் சீட் பெல்ட் நினைவூட்டல் கட்டாயம் ஆனது. டிரைவருக்கான ஏர்பேக், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் அதே விதியில் வந்தவைதான். கார் வாங்கியவர்கள் மற்றவற்றை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். ரிவர்ஸ் சென்சார் இல்லாமல் இப்போது பலருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கவே வராது. சீட் பெல்ட் சத்தம் மட்டும் பலருக்கு முதல் நாளிலிருந்தே எதிரியாகிவிட்டது.

காரணம் கேட்டால் சொல்ல நிறைய வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் கடைக்குத்தானே என்பார்கள். சட்டை கசங்குகிறது, வயிற்றை இறுக்குகிறது என்பார்கள். இத்தனை வருஷம் ஓட்டுகிறேன், ஒரு கீறல் விழுந்ததில்லை என்பார் ஒருவர். இவற்றில் கொஞ்சம் நியாயமானது ஒன்றே ஒன்று. முன் இருக்கையில் மளிகைப் பையையோ கணினிப் பையையோ வைத்தால், இருக்கைக்கு அடியில் எடையை உணரும் சென்சார் அங்கே ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சத்தம் போடும். எரிச்சலாகத்தான் இருக்கும். அதற்கு வழி பையைப் பின் இருக்கைக்கு மாற்றுவது, அல்லது பைக்கும் சேர்த்து பெல்ட்டை மாட்டிவிடுவது. பிரேக் போட்டால் தக்காளி உருண்டு காலடியில் சிதறாமலாவது இருக்கும். பைக்காக வாங்கிய கிளிப், பை இறங்கி மனைவி ஏறி உட்காரும்போதும் அதே லாக்கில் இருக்கும் என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம். மாட்டியதை யாரும் கழற்றுவதில்லை.

கிளிப் ஏமாற்றுவது ஒலிபெருக்கியை மட்டும் என்று நினைப்பவர்கள், பெல்ட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இடுப்புக்குக் குறுக்கே ஒரு பட்டை, தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை என்று மூன்று புள்ளிகளில் பிடிக்கும் இன்றைய பெல்ட்டை உருவாக்கியவர் நீல்ஸ் போலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். அதற்கு முன் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களின் வெளியேற்ற இருக்கைகளை வடிவமைத்தவர். 1959-இல் வோல்வோ தன் கார்களில் இந்த பெல்ட்டைப் பொருத்தியது. காப்புரிமை கையில் இருந்தும், மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வோல்வோ அதைத் திறந்துவிட்டது. இன்று மாருதியிலும் ஹூண்டாயிலும் நாம் இழுத்து மாட்டுவது அந்த வடிவம்தான்.

போலினின் பெல்ட் அப்படியே நின்றுவிடவில்லை. இன்றைய பல கார்களில் மோதல் நடந்த கணத்தில் ஒரு சிறிய வெடிமருந்துக் குப்பி வெடித்து, பெல்ட்டின் தொய்வைச் சுருட்டி உடலை இருக்கையோடு இறுக்கும். அதே நேரத்தில் ஏர்பேக் ஏறத்தாழ 30 மில்லிவிநாடிகளில், அதாவது கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் விரியும். பெல்ட் உடலைப் பிடித்து நிறுத்தும், பை தலையையும் மார்பையும் தாங்கும். இரண்டும் ஜோடியாக வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. பெல்ட் இல்லாத உடல் முன்னால் பாய்ந்து, விரிந்துகொண்டிருக்கும் பையின் மீதே போய் மோதும். அந்த வேகத்தில் பையே காயப்படுத்தும். சில கார்களில் பெல்ட் மாட்டப்பட்டிருக்கிறதா என்ற தகவலைப் பார்த்துத்தான் ஏர்பேக்கை எப்போது, எப்படி விரிப்பது என்று கணினி முடிவு செய்கிறது. லாக்கில் கிளிப் இருந்தால் அந்தக் கணினிக்குப் போவது பொய்த் தகவல்.

50 கிலோமீட்டர் வேகம் என்பது நகரத்துக்குள் சாதாரணம். அந்த வேகத்தில் போகும் கார் சட்டென்று நின்றால், பெல்ட் போடாதவரின் உடல் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகும். ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழும்போது தரையைத் தொடும் வேகம் அது. கையை டேஷ்போர்டில் ஊன்றிச் சமாளித்துவிடலாம் என்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

பீப் சத்தத்தோடு மனிதர்கள் நடத்தும் சண்டை இங்கே தொடங்கியதும் இல்லை. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு மாடல் கார்களில், முன் இருக்கையில் இருப்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் வண்டியே கிளம்பாது என்ற ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. மக்கள் கொதித்துப்போனார்கள். பெல்ட்டை நிரந்தரமாக மாட்டிவைத்து அதன் மீதே உட்கார்ந்தார்கள், ஒயரை அறுத்தார்கள். அந்த எதிர்ப்புக்குப் பணிந்த நாடாளுமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் சட்டத்தைத் திருத்தியது. வண்டி கிளம்பாமல் தடுக்கும் ஏற்பாட்டையும், எட்டு விநாடிக்கு மேல் ஒலிக்கும் எச்சரிக்கையையும் அரசு கட்டாயமாக்கக் கூடாது என்று எழுதிவைத்தது. அந்த எட்டு விநாடித் தளை நீங்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மக்களின் எரிச்சலுக்குச் சட்டம் பணிந்ததால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வீணாயின. அந்த வரலாறு இங்கே திரும்பக் கூடாது.

இந்தியாவில் இந்தப் பேச்சு சூடு பிடித்தது ஒரு மரணத்துக்குப் பிறகு. 2022 செப்டம்பர் 4 அன்று, டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி அகமதாபாத்திலிருந்து மும்பைக்குக் காரில் வந்துகொண்டிருந்தார். பால்கர் மாவட்டத்தில் சூர்யா நதிப் பாலத்தில் அந்த மெர்சிடிஸ் கார் தடுப்புச் சுவரில் மோதியது. முன்னால் இருந்த இருவர் பலத்த காயங்களோடு பிழைத்தார்கள். பின் இருக்கையில் இருந்த மிஸ்திரியும் அவருடைய நண்பரும் இறந்துபோனார்கள். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீசார் தெரிவித்தார்கள். பல பாதுகாப்பு வசதிகள் இருந்த விலை உயர்ந்த கார் அது. சில நாட்களிலேயே, அலாரத்தை நிறுத்தும் கிளிப் விற்பனையை நிறுத்தும்படி அமேசானைக் கேட்டுக்கொண்டதாக மத்திய அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். ஆணையத்தின் உத்தரவு வர அதன் பிறகும் எட்டு மாதங்கள் ஆயின.

பெயர் தெரிந்த ஒருவரின் மரணம் செய்தியானது. பெயர் தெரியாதவர்கள் அரசின் அட்டவணையில் இருக்கிறார்கள். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2021-இல் மட்டும் சீட் பெல்ட் அணியாததால் இறந்தவர்கள் 16,397 பேர். அதில் வண்டி ஓட்டியவர்கள் 8,438, பயணிகள் 7,959. ஏறத்தாழ பாதிப் பேர் ஸ்டீயரிங்கைத் தொடாதவர்கள். யாரோ ஓட்ட, நம்பி ஏறி உட்கார்ந்தவர்கள். இவர்களில் எத்தனை பேர் காரில் கிளிப் இருந்தது என்று யாரும் எண்ணவில்லை. ஆனாலும் இத்தனை பேர் சாகும் நாட்டில், அந்தச் சாவைத் தடுக்கும் சத்தத்தை நிறுத்த ஒரு பொருளைச் செய்து, படம் பிடித்து, தள்ளுபடி போட்டு வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். சகித்துக்கொள்ளக் கூடிய வியாபாரம் இல்லை இது.

நாங்கள் வெறும் சந்தை, விற்பவர் வேறு யாரோ என்பது ஆன்லைன் கடைகள் வழக்கமாகச் சொல்லும் பதில். அந்தப் பதில் எல்லா இடத்திலும் செல்லாது என்பதை இதே ஆணையம் முன்பே காட்டியிருக்கிறது. தரக்கட்டுப்பாட்டு உத்தரவை மீறிய பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக 2022-இல் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விற்ற குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் சொன்னது. விற்பனையில் கமிஷன் பெறுகிற நிறுவனம் பொறுப்பை மட்டும் தள்ளிவிட முடியாது என்பது நியாயமான வாதம். ஒருவர் தேடும் சொல்லை வைத்து அவருக்கு அடுத்து என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்த கணினிகளுக்கு, பாட்டில் மூடி திறக்கும் கருவி ஏன் கார் உதிரிப் பொருட்களுக்கு நடுவில் நிற்கிறது என்று கேட்கத் தெரியாதா?

வாங்கியவருக்கு இன்னொரு நஷ்டமும் காத்திருக்கிறது. கிளிப் பொருத்தியிருந்தால், வாடிக்கையாளரின் அலட்சியத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும் என்று ஆணையம் எச்சரித்திருக்கிறது. பெல்ட் அணியாததற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் அபராதம் தனி. பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் அணிய வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-ஆவது விதி சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது.

தெரிந்தாலும் போட முடியாத நிலை நம் ஊர்க் கால் டாக்ஸிகளில் இருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ பின் இருக்கையில் ஏறி பெல்ட்டை இழுத்தால், அதை மாட்டும் லாக்கைக் காணோம். சீட் கவர் தைத்துப் போட்டவர் அதை அடியில் மூடியிருப்பார். கேட்டால் டிரைவர், “பின்னாடி யாரும் போட மாட்டாங்க சார்” என்பார். யாரும் கேட்காததால் அவரும் எடுத்துவிடவில்லை. சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் பின் இருக்கைக்கு அலாரமும் கிடையாது. கிளிப்பே வாங்காமல் கிளிப் செய்யும் வேலையை ஒரு சீட் கவர் செய்துவிடுகிறது. பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர், மோதும்போது முன் இருக்கையின் முதுகில் முழு வேகத்தில் போய் விழுவார். முறையாக பெல்ட் போட்டு முன்னால் உட்கார்ந்தவரையும் அது பலிவாங்கலாம்.

டேஷ்போர்டில், பயணி பக்கத்து ஏர்பேக் விரியும் மூடியின் மீதே பிள்ளையார் சிலையைப் பசை போட்டு ஒட்டுவதும், பாதுகாப்பு வசதியை நாமே கெடுத்துக்கொள்ளும் இதே வகைதான். பை விரியும்போது அந்தச் சிலை முகத்தை நோக்கித்தான் வரும். பக்தி கொண்டவர்கள் அதைச் சற்றுத் தள்ளி வைத்தால் போதும்.

ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னது விற்பனைப் பக்கங்களை. ஏற்கெனவே விற்றுப்போன கிளிப்புகள் கார்களில்தான் இருக்கின்றன. அவற்றை எடுக்க எந்த அதிகாரியும் வர மாட்டார். உங்கள் காரில் இருந்தால் இன்றே கழற்றிக் குப்பையில் போடுங்கள். பழைய கார் வாங்குபவர்கள் முன் இருக்கை லாக்குகளில் ஏதாவது செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின் இருக்கை உறைக்கு அடியில் கைவிட்டு, மூன்று லாக்குகளையும் வெளியே எடுத்து வையுங்கள். டாக்ஸியில் ஏறினால் டிரைவரிடம் கேளுங்கள், நாலு பேர் கேட்டால் அவரே எடுத்து வைத்துவிடுவார். ஆன்லைனில் எந்தப் பெயரிலாவது இந்தக் கிளிப் மறுபடி கண்ணில் பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.