காணாமல் போன இரண்டு பனித்தொப்பிகள்: பனி உருகுவதை எப்படி அளக்கிறார்கள்?

“பனியெல்லாம் உருகி உலகம் மூழ்கப் போகிறது” என்று ஒரு தகவல் நம் கைப்பேசிக்கு வருகிறது. அடுத்த வாரமே, “இந்த ஆண்டு அங்கே பனி கொட்டித் தீர்த்தது, புவி வெப்பமடைகிறது என்பதெல்லாம் பொய்” என்று இன்னொன்று வருகிறது. இரண்டையும் நாம் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். ஆனால் நம்மிடம் வரும் செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்றுத்தரும் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தோடு இந்த விஷயத்தையும் அணுகுவோம். பனி குறைகிறதா இல்லையா என்பதை யார், எப்படி அளக்கிறார்கள்?

கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவு இருக்கிறது. அதன் வடகிழக்கில் ஹேசன் பீடபூமி. அங்கிருந்து வட துருவம் சுமார் 900 கிலோமீட்டர்தான். அந்தப் பீடபூமியில் செயின்ட் பேட்ரிக் விரிகுடாவுக்கு அருகே இரண்டு சிறிய பனித்தொப்பிகள் இருந்தன. உயரமான சமவெளியைத் தொப்பி போல் மூடிக் கிடக்கும் நிரந்தரப் பனிக்கட்டியைத்தான் பனித்தொப்பி என்கிறோம். கிரீன்லாந்தை மூடியிருக்கும் பெரும் பனிப்பாளத்தோடு ஒப்பிட்டால் இவை ஒரு துளி. சில நூற்றாண்டுகளுக்கு முன் நிலவிய குளிரான காலத்தில் உருவானவை.

1959 ஆகஸ்டில் விமானத்திலிருந்து இவற்றைப் படம் எடுத்தார்கள். ஓரங்களை வரைந்து பரப்பைக் கணக்கிட்டார்கள். பின்னாளில் வந்த எல்லா ஒப்பீட்டுக்கும் அந்தப் படங்களே அடிப்படை.

1982இல் மார்க் செரெஸ் என்ற இளம் ஆராய்ச்சி மாணவர், தம் பேராசிரியர் ரேமண்ட் பிராட்லியின் குழுவோடு அங்கே போனார். இப்படிப்பட்ட இடங்களில் செய்யும் வேலை கேட்பதற்கு எளிமையானது. பனிக்கட்டியில் துளையிட்டுக் கம்புகளை நட்டு வைப்பார்கள். வெளியே தெரியும் நீளத்தைக் குறித்துக்கொள்வார்கள். கோடை முடிவில் திரும்ப அளந்தால், ஒரு மீட்டர் தெரிந்த கம்பு ஒன்றரை மீட்டர் தெரியும். அப்படியென்றால் அந்த இடத்தில் அரை மீட்டர் பனிக்கட்டி கரைந்திருக்கிறது. குளிர்காலத்தில் விழுந்த பனியைக் குழி தோண்டி எடுத்து எடை போட்டு, அது எவ்வளவு தண்ணீருக்குச் சமம் என்று பார்ப்பார்கள். குளிர்காலத்தில் வந்தது வரவு, கோடையில் கரைந்தது செலவு. நம் வீட்டுக் கணக்கு மாதிரிதான். வரவைவிடச் செலவு ஆண்டுக்கு ஆண்டு கூடினால், சேமிப்பு ஒருநாள் தீர்ந்துதான் ஆக வேண்டும்.

2001இல் ஜி.பி.எஸ். கருவி கொண்டு ஓரங்களை அளந்தபோது, இரண்டிலும் 1959இல் இருந்த பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே மிஞ்சியிருந்தது. அதன்பின் டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள ஆஸ்டர் கருவியின் படங்கள் உதவின. அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 15 மீட்டருக்கு 15 மீட்டர் சதுரம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பனி பளிச்சென்று இருக்கும், அகச்சிவப்பு ஒளியில் இருண்டு தெரியும். பாறை அப்படி மாறுவதில்லை. இந்த வித்தியாசத்தை வைத்துப் பனிப் புள்ளிகளைப் பிரித்து எண்ணினால் பரப்பு கிடைத்துவிடும்.

இங்கே ஒரு கவனம் தேவை. குளிர்காலத்தில் படம் எடுத்தால் வெறும் தரையும் வெள்ளையாகத்தான் இருக்கும். புதிதாக விழுந்த பனி எது, நெடுங்காலமாகக் கிடக்கும் பனிக்கட்டி எது என்று தெரியாது. அதனால்தான் கோடைப் படங்களோடு கோடைப் படங்களையே ஒப்பிடுகிறார்கள். குளிர்காலப் படம் ஒன்றைக் காட்டி “பனி பெருகிவிட்டது” என்பது, தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்துவது போன்றது.

பின்னர் எடுத்த ஜூலைப் படங்களில் 1959இன் பரப்பில் சுமார் 5 சதவீதமே இருந்தது. 2015ஆம் ஆண்டின் கோடை வழக்கத்தைவிட வெப்பமானது. இன்னும் ஐந்தாண்டுகளில் இவை முற்றிலும் மறைந்துவிடும் என்று 2017இல் செரெஸும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். 2020 ஜூலை 14 அன்று எடுத்த படங்களில் அவற்றைக் காணவில்லை. மாணவராக அவற்றின் மேல் நடந்தவர், தம் ஆயுளுக்குள்ளேயே அவை இல்லாமல் போனதைப் பார்த்துவிட்டார்.

சிறியவை ஏன் முதலில் அழிகின்றன? பெரிய பனிப்பாறைக்கு மலை உச்சியில் ஒரு பகுதி இருக்கும். கீழே உருகினாலும் மேலே பனி சேரும். இந்தச் சிறிய தொப்பிகளோ ஏறக்குறைய ஒரே உயரத்தில் தட்டையாகக் கிடப்பவை. வெப்பம் கொஞ்சம் கூடினாலே உச்சி முதல் ஓரம் வரை முழுவதும் உருகும். வெள்ளைப் பனி விலகிக் கருந்தரை தெரிந்ததும், அது வெயிலை உறிஞ்சி உருகலை இன்னும் விரைவாக்கும். அதே பீடபூமியில் சற்று உயரத்தில் உள்ள மர்ரி, சிம்மன்ஸ் பனித்தொப்பிகள் கூடுதல் காலம் தாக்குப்பிடித்ததற்கும் உயரமே காரணம். ஆனால் அவையும் சுருங்கியே வந்திருக்கின்றன.

இந்த இரண்டு தொப்பிகள் உருகியதால் கடல்மட்டம் உயர்ந்துவிடவில்லை. அதற்கு இவை மிகச் சிறியவை. மிகைப்படுத்துவதும் அளவு மோசடிதான். ஆனால் இவை தரும் எச்சரிக்கை சிறியதல்ல. நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரித்து நாம் சேர்த்த வெப்பம் வடதுருவப் பகுதியில் உலக சராசரியைவிட வேகமாகக் கூடுகிறது. அதே வெப்பம் கிரீன்லாந்தின் பெரும் பனியையும் கரைக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கடல்மட்டத்தை உயர்த்தும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடலோர ஊர்களும் அந்தக் கடலின் கரையில்தான் இருக்கின்றன.

இனி இப்படியொரு தகவல் வந்தால், பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேட்போம். எந்த இடத்தில் அளந்தது? எந்தப் பருவத்தில் அளந்தது? எத்தனை ஆண்டுகளை ஒப்பிட்டது? விடை இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்பதே அமானிதம்.

வானத்தை உயர்த்தி மீஸானை நிலைநாட்டிய இறைவன், அந்தத் தராசில் வரம்பு மீறாதீர்கள் என்று அர்ரஹ்மான் அத்தியாயத்தில் எச்சரிக்கிறான். அளப்பதில் நேர்மையையும், அளந்து அறிந்த உண்மைக்கு ஏற்ப வீண்விரயமின்றி வாழும் மனதையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.