சின்னசேலம்: கழித்தலில் போன தொகுதி

சின்னசேலம் சட்டமன்றத் தொகுதிக்குக் கடைசித் தேர்தல் 2006-இல் நடந்தது. வென்றவர் தி.மு.க.வின் உதயசூரியன். கட்சியின் சின்னமும் உதயசூரியன், பெயரும் அதே. சுவரில் எழுதுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம். 2008 மறுசீரமைப்பில் தொகுதி போயிற்று. சின்னசேலம் பேரூராட்சி, 80-ஆம் எண்ணுள்ள கள்ளக்குறிச்சி தனித் தொகுதியில் சேர்ந்தது.

அரசியல்வாதிகளுக்கு நட்டமில்லை. 2001-இல் சின்னசேலத்தில் வென்ற அ.தி.மு.க.வின் ப. மோகன் 2011-இல் பக்கத்துச் சங்கராபுரத்தில் வென்று அமைச்சரானார். 2016, 2021 இரண்டிலும் உதயசூரியனுக்கு அதே சங்கராபுரம். இந்த ஊரில் போட்டியிட டெபாசிட்கூட ஏறவில்லை. 2006-இல் பொதுப் பிரிவு வேட்பாளருக்கு 5,000 ரூபாய். பின்னர் அது 10,000 ஆனாலும் பட்டியல் சாதி வேட்பாளருக்குப் பாதி என்பதால் கள்ளக்குறிச்சியில் அதே 5,000. ஏறியது செலவு வரம்பு: 2006-இல் 10 லட்சம், 2011-இல் 16 லட்சம், 2022 முதல் 40 லட்சம். கணக்கில் காட்டும் தொகை என்று படித்துக்கொள்ளுங்கள்.

நட்டம் வாக்காளருக்குத்தான். திருநாவலூர், சின்னசேலம் தொகுதிகள் போய்க் கள்ளக்குறிச்சி வந்தது. இந்தப் பக்கத்தில் ஐந்து தொகுதிகள் நான்காயின. மாநிலத்தில் 234 என்ற எண் மாறவே இல்லை. 1971 மக்கள்தொகைப்படி ஒரு தொகுதிக்குச் சராசரி 1,76,065 பேர், 2011-இல் 3,08,321. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் 13,70,281 பேரை நான்கால் வகுத்தால் 3,42,570. திருக்கோவிலூர்ப் பக்கத்து ஊர்கள் 76-ஆம் தொகுதியில் இருப்பதால் இது சற்றுக் குறையும். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. நான்கு பேருக்கு 12 கோடி. தலைக்கு 88 ரூபாய். ஐந்து பேர் இருந்திருந்தால் 109.

இதே மாவட்டத்துக் கல்வராயன் மலையின் கணக்கு இன்னும் மோசம். 1976 வரை அங்கே ஜாகீர்தார்களின் ஆட்சி. மலைமக்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1996 உள்ளாட்சித் தேர்தலில்தான் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலையாளிப் பழங்குடியினர் சங்கராபுரம் பொதுத் தொகுதியில் ஓட்டுப் போடுகிறார்கள். சேலம் பக்கத்து உறவினர்கள் பழங்குடியினருக்கு ஒதுக்கிய ஏற்காட்டில். மாநிலத்தில் அப்படி மூன்று தொகுதிகள் இருந்தன. 2008-இல் உப்பிலியாபுரம் போய், ஏற்காடும் சேந்தமங்கலமும் மிஞ்சின. மக்களவைக்கு மட்டும் மலையின் இரு பக்கமும் கள்ளக்குறிச்சித் தொகுதிதான்.

தொகுதி எண்ணிக்கைக்குப் போட்ட பூட்டு, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைதான். அடுத்த மறுசீரமைப்பு வரைவு வெளியானால் ஆட்சேபணைக்குக் குறித்த தேதிக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள். அரசிதழில் ஏறிய எல்லையை மாற்றுவது மிக அரிது.