முட்டையிட்டே மாளும் சின்னக் கிளிகள்

மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதப் பாதையை ஒட்டிய செட்டிகுளத்திலும் அதன் அயற் கிராமங்களிலும், மாட்டையும் ஆட்டையும் ஊர்க்கோழியையும் பேணிப் பழகிய குடும்பங்கள் பல, பிள்ளைகளின் ஆசைக்காக, கடைகளில் 'லவ்பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பட்ஜெரிகர் கிளிகளை வாங்கி விறாந்தையிலே கூண்டு தொங்கவிட்டு வளர்த்து வருகின்றன. அவற்றுள் எம்மிடம் சிகிச்சைக்கு வருவன பெரும்பாலும் பெட்டைகள்; வருவதும் கடைசித் தறுவாயிலேதான். சப்பாத்துப் பெட்டியின் மூடியைத் திறந்தால், இறகுகளைச் சிலிர்த்து, கண்களைப் பாதி மூடி, பின்புற இறகெல்லாம் நல்லெண்ணெயில் தோய்ந்து ஒட்டிப்போன ஒரு சிறு பிராணி, மூச்சுக்கு மூச்சு வால் ஆட ஒரு மூலையிலே குந்தியிருக்கும். "நேற்றுவரைக்கும் நல்லாத்தான் இருந்தது, டொக்டர்" என்பார்கள். துருவி விசாரித்தால், மாதக்கணக்காக அது முட்டையிட்டுக்கொண்டே இருந்த விஷயம் வெளிவரும்; அதையும் பெருமையாகவே சொல்லுவார்கள்.

கூண்டுக்குள் ஓயாத மாரி

இக்கிளியின் பூர்வீகம் அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பிரதேசம். 1840ஆம் ஆண்டில் ஜோன் கூல்ட் என்னும் பறவையியலாளர் அதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற பின்னரே அது உலகெங்கும் கூண்டுப் பறவையாயிற்று. மழை பெய்து புல்விதை முற்றும் காலத்தில் மரப்பொந்து தேடி முட்டையிடுவதும், வரட்சி நீடித்தால் இனவிருத்தியையே கைவிட்டுத் தண்ணீரை நாடிக் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்வதும் அதன் சுபாவம். வானத்தைப் பார்த்துக் காலபோகத்துக்கு விதைக்கும் வன்னி விவசாயிக்கு இந்த ஒழுங்கை நான் விளக்க வேண்டியதில்லை. மழைக்கும் வரட்சிக்கும் ஏற்ப அமைந்த அந்தச் சரீரத்துக்கு, வருஷம் முழுவதும் கிண்ணம் நிறையத் தினையும், இரவு பதினொரு மணிவரை தொலைக்காட்சியின் வெளிச்சமும், பக்கத்திலே ஒரு துணையும், பொந்தைப் போல் இருண்ட ஒரு மண்முட்டியும் வாய்த்துவிட்டால், மாரி இன்னும் முடியவில்லையென்றே அது கருதி, ஒரு சுற்று முட்டையிட்டு முடிந்ததும் மறு சுற்றுக்கு ஆயத்தமாகிவிடுகிறது.

ஏறக்குறைய 35 கிராம் எடையுள்ள பறவை, ஏறக்குறைய 2 கிராம் எடையுள்ள முட்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் இடுகிறது. ஒரு சுற்றுக்கு நான்கு முதல் ஆறு, சிலவேளை அதற்கு மேலும் உண்டு. ஆறு முட்டை இட்டால், பன்னிரண்டு நாட்களுக்குள் தன் எடையில் மூன்றிலொரு பங்கைச் செலவிட்டதாகும். ஓட்டுக்கு வேண்டிய கல்சியம் தீனியிலே கிடையாதபோது எலும்பிலிருந்து கரைத்தெடுக்கப்படுகிறது. தினையிலும் சூரியகாந்தி விதையிலுமோ கல்சியம் மிகச் சொற்பம். ஆகவே ஓடு மெலிந்து தோல்முட்டையாகிறது. முட்டையை வெளித்தள்ள வேண்டிய தசை வலுவிழந்து, முட்டை பாதி வழியிலே அடைபட்டு நிற்கிறது. சிலவற்றில் மஞ்சட்கரு வயிற்றறைக்குள் வழிந்து அழற்சியை உண்டாக்குகிறது. சிலவற்றில் முக்கி முக்கி முட்டைக்குழாயே வெளியே பிதுங்கிவிடுகிறது. இன்னுஞ் சிலவற்றின் எலும்பு, கூண்டுக் கம்பியில் இடறியதற்கே முறிந்துபோகிறது.

வீடுகளில் உலவும் நம்பிக்கைகள்

சேவல் இல்லாமல் முட்டை வராது என்று பலர் நம்புகிறார்கள். தனியே வளர்ந்த கிளி முட்டையிட்டதைக் கண்டு தோஷமென்று அஞ்சி, கூண்டோடு பிறருக்குக் கொடுத்துவிட்டவர்களும் உண்டு. கடையில் நாம் வாங்கும் பண்ணைமுட்டை சேவலைக் காணாத கோழி இட்டதுதானே! கிளியும் அப்படியே கருவில்லாத முட்டையிடும். கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தையோ, முதுகைத் தடவிக் கொடுக்கும் எஜமானின் கையையோ துணையென்று கொண்டு அது முட்டையிடத் தொடங்குவதும் சாதாரணம்.

ஆண்கிளி ஒன்றை வாங்கி விட்டால் அடங்கிவிடும் என்ற யோசனை கடைக்காரர் வாயிலாகவே வருகிறது. துணை வந்ததும் முட்டை பெருகுமேயன்றிக் குறையாது. இட்ட முட்டையை உடனுக்குடன் எடுத்தெறிந்தால் பறவை மறந்துவிடும் என்பதும் இத்தகைய பிழையே. இழந்த முட்டைக்கு ஈடுகட்டவே அதன் உடம்பு முயலும். குஞ்சு வேண்டாமென்றால் முட்டைகளைக் கொதிநீரில் அவித்து ஆறவைத்துத் திரும்ப வைத்தோ, அவற்றுக்குப் பதிலாகப் போலி முட்டைகளை வைத்தோ, மூன்று வாரமளவில் பெட்டை தானாகச் சலித்து எழுந்து போகும்வரை பொறுத்திருப்பதே தக்க உபாயம்.

அடைபட்ட முட்டைக்கு எண்ணெய் விட்டு விரலால் வயிற்றை அமுக்குவதைப் பற்றிப் பொறுமையோடு எழுத என்னால் இயலவில்லை. அமுக்கிய விரலுக்குள் முட்டை நொறுங்கும். ஓட்டின் கூரிய விளிம்பு உள்ளுறுப்பைக் கிழிக்கும். எண்ணெயோ இறகில் ஊறி, உடற்சூட்டைக் காக்கும் பறவையின் ஒரே போர்வையையும் பாழாக்கும். அதே பறவைக்குச் சிலர் பார்மசியிலே மனிதருக்கு விற்கும் கப்சியூலை உடைத்துத் தண்ணீரில் கலக்குகிறார்கள். சிலர் துளி சாராயம் பருக்குகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த மருந்தில் மிச்சத்தைத் தம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் தாய்மார், 35 கிராம் ஜீவனுக்கு அளவே இல்லாமல் மனித மருந்தைப் புகட்டுவது எந்த நியாயம்? கால் இழுக்கிறதென்று சுளுக்குத் தைலம் பூசியும் கொண்டுவருகிறார்கள். உள்ளே சிக்கிய முட்டை காலுக்குச் செல்லும் நரம்பை நெரிப்பதனாலே வந்த நொண்டலாக அது இருக்கக்கூடும். வயிற்றுக்குள் வளரும் கட்டியினாலும் இக்கிளிகளுக்கு அவ்வாறு கால் இழுப்பதுண்டு.

கல்சியம் குறைவென்று கேள்விப்பட்டதும் மாத்திரையைத் தூளாக்கிச் சொரிவதிலும் நன்மையில்லை. அம்மாத்திரையில் சேர்ந்திருக்கக்கூடிய விற்றமின் டி மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். மன்னார்க் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை நன்னீரில் ஊறவைத்து உப்பகற்றி, வெயிலில் உலர்த்திக் கூண்டில் மாட்டினால், பறவை தனக்கு வேண்டிய மட்டும் கொறித்துக்கொள்ளும்.

தாமதிக்கலாகாத குறிகள்

பிற பிராணிகளுக்கு இரையாகும் பறவை தன் நோயை இயன்றவரை மறைத்தே வைக்கும்; கூண்டின் தரையில் வந்து குந்தும்போது பெரும்பகுதி நேரம் கடந்துவிட்டதென்று கொள்க. வால் துடிப்பது, முக்குவது, பின்புறம் வீங்குவது, எச்சம் நின்றுபோவது, காலூன்ற மாட்டாமை, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும். அடைபட்ட முட்டையோடு ஒரு நாளைக் கடத்தாத பறவைகளும் உண்டு. போகும் வழியில் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்துக் கதகதப்பூட்டுங்கள். பிதுங்கிய சதையைச் சுத்தமான சேலைனால் நனைத்து வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாதீர்கள். வைத்தியர் வேண்டுமானால் எக்ஸ்ரே எடுப்பார். கல்சிய ஊசியும் கதகதப்புமே சில பறவைகளுக்குப் போதும். சிலவற்றுக்கு மயக்கம் கொடுத்தே முட்டையை அகற்ற வேண்டியிருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப நேரும் பறவை, அத்தனை தூரப் பிரயாணத்தைத் தாங்கும் நிலையிலாவது எம்மிடம் வந்து சேர வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

பெட்டையின் அலகுக்கு மேலுள்ள மூக்குத்தோல் தடித்துக் கபிலநிறம் கொள்வதும், அது கடதாசியைக் கிழித்து மூலை தேடுவதும், வழக்கத்திலும் பெரிய எச்சமிடுவதும் முட்டைக்கான ஆயத்தங்கள். அப்போதே தடுத்தால் ஊசியும் வேண்டாம், பிரயாணமும் வேண்டாம். குஞ்சு பெற எண்ணமில்லையென்றால் கூண்டில் முட்டியோ பெட்டியோ வைக்காதீர்கள்; வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மாலை ஆறு மணிக்கே கூண்டை அமைதியான அறைக்கு மாற்றித் துணியால் மூடி, வெளிச்சத்தைப் பத்து மணித்தியாலத்துக்குள் அடக்குங்கள். ஊறவைத்த தானியத்தையும் முட்டைத் தீனியையும் நிறுத்தி, அளவான தினையோடு முருங்கையிலை கொடுங்கள். காலை இளவெயில் அதன்மேல் நேரே படட்டும். யன்னற் கண்ணாடியூடு வரும் வெயிலால் விற்றமின் டி உண்டாகாது. நம் பகுதியின் நண்பகல் வெயிலிலோ கூண்டை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். முதுகைத் தடவாமல் தலையை மட்டும் வருடுங்கள், கண்ணாடியை எடுத்துவிடுங்கள். துணையை நிரந்தரமாகப் பிரிக்க வேண்டியதில்லை; சில வாரங்கள் பக்கத்துக் கூண்டில் இருந்தால் போதும்.

பெட்டை இரண்டாம் சுற்று முட்டைக்கு உட்காரும் நாளிலேயே, அது இன்னும் பாடிக்கொண்டும் தின்றுகொண்டும் இருக்கும்போதே, ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள். கையெடுத்துக் கேட்கிறேன், எண்ணெய்ப் போத்தலை மாத்திரம் தொடாதீர்கள்.