ஆறு மாதத்திற்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எதற்காக?

“சென்ற முறைதானே ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னீர்களே!” சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நோயாளி நன்றாக உண்கிறார், வேலைக்கும் செல்கிறார். பின் ஏன் இந்த அலைச்சலும் செலவும்?

கல்லீரல், பெரும்பகுதி பழுதுபட்ட பின்னரும் வெளியே ஒன்றும் காட்டாமல் உழைக்கும் உறுப்பு. சுருக்கம் கண்ட கல்லீரலில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். தொடக்கத்தில் அது வலிப்பதும் இல்லை. கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுவிட்டால் அறுவை சிகிச்சை, வெப்பத்தால் கட்டியைக் கருக்குதல், கல்லீரல் மாற்று ஆகிய வழிகள் பெரும்பாலும் திறந்திருக்கும். வலி வந்தபின் வருபவருக்கு அவற்றுள் பல அடைபட்டிருக்கும். ஆறு மாத இடைவெளி அதற்காகவே. 1 செ.மீ.க்குக் குறைவான புள்ளி தெரிந்தால் உடனே அஞ்ச வேண்டியதில்லை; மூன்று, நான்கு மாதங்களில் மீண்டும் பார்ப்போம். அதற்கு மேற்பட்டதாயின் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுவரும் பெரிய சிரை ஒன்று உண்டு. தழும்பேறிய கல்லீரலுக்குள் அந்த இரத்தம் எளிதில் நுழைவதில்லை. மதகு அடைத்த வாய்க்காலைப்போல அழுத்தம் பின்னோக்கி ஏறுகிறது. சிரை 13 மி.மீ.க்கு மேல் விரியலாம், மண்ணீரல் வீங்கலாம். டாப்ளர் முறையில் இரத்தம் எத்திசையில், எவ்வேகத்தில் ஓடுகிறது, உறைகட்டி ஏதும் அடைத்துள்ளதா என்று காண்கிறோம். நோய் முற்றிய சிலருக்கு ஓட்டமே திசைமாறிக் கல்லீரலைவிட்டு விலகிச் செல்லும்.

இதே அழுத்தத்தால் உணவுக்குழாயில் புடைத்த சிரைகளை மட்டும் இந்த ஸ்கேனை நம்பி மதிப்பிட இயலாது. அதற்கு எண்டோஸ்கோபியே வழி. “ஸ்கேன் நன்றாக இருக்கிறதே” என்று அதைத் தள்ளிப்போட்டு, இரத்த வாந்தியுடன் வருவோரை நாங்கள் கண்டிருக்கிறோம். மலம் தார்போலக் கறுத்தாலும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

வயிற்றில் கோத்த நீரைக் கைகளால் தட்டி உணர ஏறத்தாழ ஒன்றரை லிட்டராவது வேண்டும். ஸ்கேனிலோ 100 மி.லி. அளவே தெரிந்துவிடும். நீரை ஊசியால் எடுக்கும்போதும் குடலையும் இரத்தக் குழாய்களையும் தவிர்க்க இதே படம் துணைபுரிகிறது. நீர் கோத்தவருக்குக் காய்ச்சலோ வயிற்று வலியோ கண்டால், அந்நீரில் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும்; அன்றே பரிசோதிக்க வேண்டும்.

ஸ்கேனுக்கு முன் ஆறு மணிநேரம் உணவைத் தவிர்க்கவும். குடல்வாயு படத்தை மறைத்துவிடும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் அன்றைய அளவை முன்னதாகவே கேட்டறிக. பழைய அறிக்கைகளை மறவாமல் கொண்டுவாருங்கள். சென்ற ஆண்டு இல்லாத புள்ளி எது என்பதை அவற்றை வைத்துத்தான் எங்களால் சொல்ல இயலும்.